மலை மடத்தில் ஒரு கை தண்ணீர்

மாமனார் நம்மோடு பேசாமல் இருப்பதில் சில வசதிகள் உண்டு. சம்பளம் எவ்வளவு என்று கேட்கமாட்டார். வீடு எப்போது கட்டப்போகிறாய் என்று கேட்கமாட்டார். ஆனால் அவர் நம் வீட்டுக்கே வந்து, நம் சோபாவிலேயே உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்தால் கொஞ்சம் சிரமம்தான்.

என் மாமனார் கிருஷ்ணகிரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். நான் உத்தனப்பள்ளிக்காரன், எங்கள் வீட்டில் பெருமாள். ஸ்டெல்லாவும் நானும் ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டு, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். அன்றிலிருந்து அவர் எனக்குச் சொல்வதை எல்லாம் மகள் வழியாகத்தான் சொல்வார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "ஸ்டெல்லா, அவர அந்த ஃபேனக் கொறைக்கச் சொல்லும்மா" என்பார்.

கம்பெனி என்னைப் புது மெஷின் பயிற்சிக்காக ஆஸ்திரியாவுக்கு அனுப்பியது. ஸ்டெல்லாவும் வந்தாள். பின்னாலேயே மாமனாரும் வந்து இறங்கினார். மகளைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் வந்தது ஆல்ப்ஸ் மலைமேல் இருக்கும் பழைய பெனடிக்ட் சபை மடத்தைப் பார்க்க. பள்ளிக்கூட நாளிலிருந்து அதன் படத்தை பைபிளுக்குள் வைத்திருக்கிறாராம்.

இதைவிட நல்ல சமயம் வராது என்று முடிவு செய்தேன். அந்தத் துறவிகளோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட அனுமதி வாங்கினேன். வீடியோ பார்த்துச் சிலுவை போடப் பழகினேன். (முதலில் எந்தத் தோள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்தான்.) மலையேறும் பஸ்ஸில் மாமனார் கண்ணில் படும்படி வளைவுக்கு வளைவு சிலுவை போட்டுக்கொண்டே வந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

கோட்டை மாதிரி சுவர், கூரையெல்லாம் பனி. வாசலில் வரவேற்ற துறவி இரண்டு விதிகளைச் சொன்னார். சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஆண்கள் மட்டும்தான். உள்ளே ஒருவர் வேதம் வாசிப்பார், வேறு யாரும் பேசக்கூடாது.

விருந்தினர் அறைக்குப் போகும்முன் ஸ்டெல்லா என்னைத் தனியாக இழுத்தாள். "ஏங்க, அப்பா பண்றதப் பாத்து அப்படியே பண்ணுங்க. நீங்களா எதுவும் பண்ணாதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

கூடத்தின் வாசலில் மடத்துத் தலைவர் நின்றிருந்தார். (நம்மூர் ஆதீனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அவர் கையில் வெள்ளிச் செம்பு. பக்கத்தில் ஒருவர் தாம்பாளத்தோடு, இன்னொருவர் துண்டோடு. சாமியார், செம்பு, வரிசை! இதற்குமேல் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? மாமனாரைத் தாண்டி முதல் ஆளாகப் போய் நின்றேன்.

குனிந்து, வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினேன். அவர் ஊற்றினார். ஒரே உறிஞ்சு. பனித்தண்ணீர் பல்லில் பட்டதும் பக்தி இரட்டிப்பானது. மறுபடியும் கையை நீட்டினேன். தலைவரின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது, ஆனாலும் விருந்தாளி மனம் நோகக்கூடாது என்றோ என்னவோ, மறுபடியும் ஊற்றினார். அதில் பாதியை என் தலையில் தெளித்துக்கொண்டு, அன்பு மிகுதியில் திரும்பி, மிச்சத்தை மாமனாரின் வழுக்கைத் தலையில் தெளித்தேன்.

"யோவ்! அது கை கழுவுற தண்ணிய்யா!"

கூடம் முழுக்கக் கிருஷ்ணகிரித் தமிழ் எதிரொலித்தது. மேடையில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்த துறவி நிறுத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் என்ன செய்தும் என்னிடம் வாய் திறக்காத மனிதர், உலகத்தில் வாய் திறக்கக்கூடாத ஒரே இடத்தில் திறந்துவிட்டார்.

மாமனார் கைகளை முறைப்படி கழுவிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்கார விருந்தாளி எங்கள் இருவரில் யாரைப் பின்பற்றுவது என்று குழம்பி, ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தில் கை கழுவினார். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கறுப்பு அங்கிகள் குலுங்க ஆரம்பித்தன. சத்தமே வராமல் அத்தனை பேர் சிரித்து நான் பார்த்ததில்லை. சூப் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இறங்கும் பஸ்ஸில் மாமனார் ஸ்டெல்லாவைத் தாண்டி எட்டிப்பார்த்து நேராக என்னையே கேட்டார். "ஏன்யா, ஒருத்தர் துண்டு வெச்சிகிட்டு நிக்கறாரே, அதுகூடவா தெரியல?"

"துளசி வாசனையே இல்லியேன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு மாமா."

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. அப்பா அழுகிறாரோ என்று ஸ்டெல்லா பயந்துவிட்டாள்.

இப்போது எந்த விருந்தானாலும் இந்தக் கதையை அவர்தான் சொல்கிறார், நடித்தும் காட்டுகிறார். கை கழுவும் இடத்தில் மச்சான்கள் எனக்கு வழிவிட்டு, "மாப்ள, மொதல்ல நீங்க குடிச்சுப் பாருங்க" என்கிறார்கள்.

சிரிக்காத ஒரே ஆள் என் அம்மா. உத்தனப்பள்ளியில் எங்கள் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று மாமனார் முழுக்கதையையும் சொல்லி முடித்தார். வந்திருந்தவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் மிகுந்த கவலையோடு அவரைக் கேட்டாள்:

"சாமியாரு கையால ஊத்துனத, நீங்க ஏன் சம்மந்தி, கை கழுவி வீணாக்குனீங்க?"