எழுபதுக்குப் பன்னிரண்டு

நோர்வூட்,
ஞாயிறு காலை.

கொழும்பில் இருக்கும் மைத்துனர் விஜிதரன் அவர்களுக்கு, உங்கள் அக்கா நாகலெட்சுமியின் வீட்டுக்காரர் இராமையா எழுதிக்கொள்வது. இங்கே முருகன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, இனி மரியாதையை ஒரு ஓரமாக வைத்துவிட்டு விசயத்துக்கு வருகிறேன்.

போன சித்திரை வருசப்பிறப்புக்கு வந்தபோது எங்கள் அப்பா பழனியாண்டியின் தகரப்பெட்டியைக் கிளறி, ராணி படம் போட்ட பழைய பத்து ரூபாய்த் தாளையும் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட ஐம்பது சத வெள்ளிக்காசையும் எடுத்து, "அத்தான், இத வெளிநாட்டுக்கு அனுப்புனா தரம் பாத்து, எழுபதுக்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக் ஒறையில சீல் வச்சுத் தருவாங்க. பேங்குல போடுறதவிட இது மேல்" என்று சொன்னது நீங்கள்தான். அக்கா சாட்சி. கையால் தொடாதீர்கள் என்றும் சொன்னீர்கள், ஒத்துக்கொள்கிறேன். கழுவாதீர்கள் என்று சொன்னீர்களா? முப்பத்தொரு வருசம் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன் நான், அழுக்குச் சட்டையோடு ஒரு நாள் துரை முன்னால் நின்றதில்லை, வெளிநாட்டுக்குப் போகிற சாமானை அப்படியே அனுப்ப எனக்கு மனசு வருமா? காசைப் புளி போட்டுத் தேய்த்தேன், குத்துவிளக்கு மாதிரி மின்னியது. தாளைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மேலே துணி விரித்து அயர்ன் பண்ணினேன். உங்கள் அக்காவே பார்த்துவிட்டு, "ஒங்க கல்யாண வேட்டியக்கூட இப்புடித் தேச்சதில்ல" என்றாள்.

ஏழு மாதம் கழித்து, நுவரெலியாவில் நீங்கள் பிடித்துக் கொடுத்த ஏஜண்டு நிரஞ்சன் போன் பண்ணினார். ரெண்டு பஸ் மாறி நனைந்துகொண்டு அவர் கடைக்குப் போனேன். காசுக்கு மார்க்கே இல்லை. சுத்தம் செய்யப்பட்டது என்று, ஏதோ களவு செய்த மாதிரி எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தாளுக்கு எழுபதுக்குப் பன்னிரண்டு. கழுவியிருக்கிறதாம், அயர்ன் பண்ணியிருக்கிறதாம், பென்சில் எழுத்து இருக்கிறதாம்.

"அழுக்கோட அனுப்பியிருக்கணுங்க ஐயா" என்றார் நிரஞ்சன்.

"அப்ப அழுக்குக்குத்தான் வெலயா?"

"ஆமாங்க. அழுக்கு பழசுங்க. நீங்க தேச்சது புதுசுங்க."

அதோடு அந்த மனுசன் நிறுத்தியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். "அந்தப் பென்சில் எழுத்த நைசா ரப்பர் போட்டு அழிச்சுட்டு மறுபடி அனுப்பிப் பாப்பமா, மார்க் கொஞ்சம் கூடலாங்க" என்றாரே, அங்கேதான் எனக்கு ஏறிவிட்டது. அது என்ன எழுத்து தெரியுமா உங்களுக்கு? தோட்டத்து லயத்து வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பெட்டியில் காசு வைத்திருந்தார்கள். எது யாருடையது என்று சண்டை வராமலிருக்க அப்பா தன் தாளில் பேர் எழுதினார். பேர் எழுதப் பழகியதே அந்த வருசம்தான். 'ழ' பார்க்க நண்டு மாதிரி இருக்கும். அதற்குப் பிறகும் சம்பளப் புத்தகத்தில் அவருக்குக் கைநாட்டுத்தான், பேனாவை நீட்டி 'இந்தா எழுது' என்று ஆபீசில் ஒருத்தரும் சொன்னதில்லை. அவர் கையெழுத்து என்று இந்த உலகத்தில் இருப்பது அது ஒன்று. சவர்க்காரத்துக்கே மசியாத எழுத்து. அதுக்குப்போய் மார்க்கக் கொறைப்பாங்களாம்.

"எங்கப்பா பேர அழிக்கிறதுக்கா ரெண்டு பஸ் ஏறி வந்தேன்?" என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டு தாளைப் பையில் போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "மாமா பேரு நல்லாத்தானே தெரியுது" என்று சொல்லி, உறையோடு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

ஆகவே தாள் விற்பனைக்கு இல்லை, விலைக்குக் கேட்டிருந்த உங்கள் சிநேகிதரிடம் சொல்லிவிடுங்கள். இனிமேல் என்னிடம் பழைய காசு, மார்க், சீல் என்று வாயைத் திறப்பதாக இருந்தால் பொங்கலுக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கோபத்தில் எழுதினாலும், எல்லாரும் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
இராமையா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரம் பக்கத்து வீட்டு ராக்காயி வந்தாள். புத்த ஜயந்திக்கு அடித்த ஐந்து ரூபாய் வெள்ளிக்காசு ஒன்று அவளிடம் இருக்கிறது. அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடக்கிறது. "வெளக்கிக் குடுக்கவாண்ணே" என்று கேட்டாள். நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கிடைப்பதில் ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்திருக்கிறோம். தரம் பார்க்க அனுப்புகிற விண்ணப்பப் படிவம் ஒன்று உடனே வேண்டும். பொங்கலுக்கு வரும்போது நீங்களே கொண்டுவந்தாலும் சரி.