அறுபதாம் எண் வீட்டுக்காரர்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் நலம்தான் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. மூன்று நாளாகியும் எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

உன் மருமகள், அதாவது நான் பெற்ற ஒரே மகள், பல்கலைக்கழகத்தில் நாலு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள் என்பது உனக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 'இல்லப் பணிப் பங்கீட்டில் தன்மதிப்பீட்டு நேரத்திற்கும் பதிவு நேரத்திற்கும் இடையிலான விலகல் குறித்த அளவுசார் ஆய்வு' என்பது தலைப்பு. இதை மனப்பாடம் பண்ணி வைத்து முடிவெட்டும் கடையில் ஒரே மூச்சில் சொல்வேன். கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "உங்க பொண்ணு பெரிய ஆளுங்க" என்பார். புரியாத வரைக்கும் அக்கா, நான் அவ்வளவு பெருமையாக இருந்தேன். அதற்குத்தான் கேடு வந்தது. பட்டம் கொடுப்பதற்கு முன்னால் தேர்வாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் எதிரில் இருபது நிமிஷம் பேச வேண்டுமாம். அவளுடைய பேராசிரியம்மா, "எண்ணிக்கையாச் சொன்னா எல்லாரும் தூங்கிடுவாங்க, கதையாச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். இவள் நேரே என்னிடம் வந்து, "அப்பா, உங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரிஞ்ச மாதிரி" என்றாள். அன்றைக்கே ரோஷப்பட்டிருக்க வேண்டும். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் அறிக்கை எழுதியவன் சும்மா இருப்பேனா? பதினோரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவளை நிற்க வைத்துப் பேசச் சொல்லித் திருத்தினேன். முதல் நாள் அவள், "அறுபது குடும்பங்களில் எழுபத்தெட்டு சதவீதத்தினர்" என்று ஆரம்பித்தாள். "எழுபத்தெட்டு சதவீதத்துக்கு முகம் கிடையாதும்மா. ஒரே ஒரு ஆளைக் காட்டு. அவன் தன்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டிருக்கான், நிஜம் என்னன்னு சொல்லு. எண்ணு ஒண்ணே ஒண்ணு போதும், அதையும் கடைசியில சொல்லு" என்றேன். அவள் அறுபதாம் எண் வீட்டுக்காரரைப் பிடித்தாள். எல்லா வீட்டுக்கும் ஒரே ஏற்பாடுதான். புருஷனுக்கு ஒரு நோட்டு, பெண்டாட்டிக்கு ஒரு நோட்டு. ஒரு வாரம் அவரவர் செய்த வேலையை நிமிஷக் கணக்கில் தனித்தனியாக எழுத வேண்டும். அதற்கு முன்னால், வீட்டு வேலையில் புருஷனின் பங்கு எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. வீடுகள் பற்றாமல் போனதால் நாங்களும் எழுதிக் கொடுத்தோம். எண் போட்டு வாங்கிக்கொண்டு போனது வேறொரு மாணவி, எங்கள் எண் என்ன என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த ஆளை உருப்படியான ஆளாக்கியதே நான்தான். அடையாளம் தெரியக் கூடாது என்றாள், மீசை வைக்கச் சொன்னேன். குளியலறையிலிருந்து "துண்டு எங்கே?" என்று கத்த வைக்கச் சொன்னேன். கத்திவிட்டு வெளியே வந்து, "காலையிலேருந்து எவ்வளவு வேலை" என்று பெருமூச்சு விட வைக்கச் சொன்னேன். மகள் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, அது ஏற்கெனவே தரவுல இருக்கு" என்றாள். "பாத்தியா! எனக்குக் கதை தானா வருது" என்றேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அன்றைக்கு அரங்கு நிறைந்திருந்தது. நோட்டு எழுதிக் கொடுத்த குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மகள் சொன்னாள் அக்கா, என்னமாகச் சொன்னாள்! நோட்டிலிருந்து அப்படியே எடுத்த வரிகளை மட்டும் ஒத்திகையில் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாள். அறுபதாம் எண்காரர் ஒருநாள் தானே தேநீர் போடுகிறார், நோட்டில் பன்னிரண்டு நிமிஷம் என்று எழுதுகிறார். அதே தேநீருக்கு அவர் மனைவியின் நோட்டில் இருபத்தைந்து நிமிஷம். தூள் டப்பாவைத் தேடிக் கொடுத்தது, சர்க்கரை எதிரிலேயே இருப்பதைக் காட்டியது, பொங்கி வழிந்த பாலைத் துடைத்தது, அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்த்தது. பிறகு மனைவி கூடத்தைப் பெருக்க வருகிறார். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் தூக்கிக்கொள்கிறார். அதையும் எழுதுகிறார்: 'வீடு பெருக்க ஒத்துழைப்பு, நாலு நிமிஷம்.' அரங்கமே குலுங்கியது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத மனிதரின் தொடையில் அடித்துவிட்டேன். அப்புறம் அவள் குரலைத் தணித்து, "தன் பங்கு பாதின்னு அவர் எழுதியிருந்தார். நோட்டுல இருந்தது ஒரு நாளைக்குப் பத்தொன்பது நிமிஷம்" என்றாள். "அவங்க மனைவியைத் தனியாக் கேட்டோம். அவங்களும் அவர் பங்கு பாதின்னுதான் எழுதியிருந்தாங்க." முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார்.

நுணலும் தன் வாயால் கெடும். கேள்வி நேரம் என்றதும் நான்தான் முதலில் எழுந்து மைக்கை வாங்கினேன். "இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் வெக்கம்னு ஒண்ணு கிடையாதா? யாருன்னு சொல்லுங்க, நானே நேர்ல போய் நாலு கேள்வி கேக்கறேன்" என்றேன். கைதட்டல் வேறு! மகள் ஒரு குவளைத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு, "பங்கெடுத்தவங்க யாருன்னு சொல்ல விதியில இடமில்லைங்க" என்றாள். பெற்ற அப்பனிடம் 'ங்க' போட்டாள். உன் தம்பி பெண்டாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். கூட்டம் கலைந்தது. துப்புரவு செய்யும் அம்மா துடைப்பத்தோடு எங்கள் வரிசைக்கு வந்தார். நான் இரண்டு காலையும் தூக்கினேன். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றுவிட்டது அக்கா. 'ஒத்துழைப்பு'! அது என் அலுவலக வார்த்தை. என் நோட்டில் இதே வரியை நானும்தானே எழுதினேன்! அப்படியென்றால் அறுபதாம் எண் நானா?

பஸ்ஸில் வரும்போது, "அது நானா?" என்று கேட்டேன். உன் தம்பி பெண்டாட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும், நம்பர் போட்டது அவங்க" என்றாள். "சரி, என் பங்கு எவ்வளவுன்னு நீ என்ன எழுதினே?" "பாதின்னு." "ஏன் அப்படி எழுதினே?" "வெளியாளுங்க படிக்கிற காகிதம். அதுல போய் உங்களை விட்டுக்கொடுப்பேனா?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவமானம் கோபமாகிவிட்டது, அதுதான் என் குணம் என்று உனக்குத் தெரியுமே. "என்னைக் கதையிலேருந்து எடு" என்று கத்தினேன். எந்த எண் யாருடையது என்று தான் சொல்லக் கூடாது, ஆனால் பங்கெடுத்தவர் யாரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்றாள். அறுபது போனால் கதை போகும். அந்தக் கதையையே முதல் அத்தியாயமாக வைக்கச் சொல்லித் தேர்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். திருப்பி எழுத ஆறு மாசம் ஆகும், கிடைத்திருக்கிற வேலை அதுவரை காத்திருக்காது. "உங்க இஷ்டம்ப்பா" என்று அறைக்குள் போனவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவள் வேலையை நானே கெடுப்பதா, இல்லை ஊர் சிரிக்கும்படி அச்சில் ஏறுவதா, நீயே சொல். என் எண் என்ன என்று ஆராய்ச்சி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அவரவர் எண்ணை அவரவருக்குச் சொல்லலாமாம். அறுபது என்று பதில் வந்ததும் விலகல் கடிதம் போய்விடும், எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். அதோடு இணைக்க உன் கையெழுத்தில் ஒரு சான்றிதழ் வேண்டும். நான் சிறு வயது முதலே வீட்டு வேலை செய்பவன் என்று எழுது. நீ பாத்திரம் தேய்க்கும்போது நான் பக்கத்தில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. நின்று என்ன செய்தேன் என்பதுதான் நினைவில்லை. நீ யோசித்து எழுதவும்.

அத்தானைக் குளிரில் நடக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அண்ணியை ரொம்ப விசாரித்ததாக உன் தம்பி பெண்டாட்டி சொல்லச் சொன்னாள். எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் ஆசியை இப்போது மிகவும் வேண்டி நிற்கும்,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. என் எண் அறுபது இல்லை அக்கா, இருபத்துமூன்று! மகள் இன்றைக்குத்தான் சிரித்தாள். அரங்குக்கு வந்திருந்த, நோட்டு எழுதிய புருஷர்களில் என்னைத் தவிரப் பதினோரு பேர் 'அறுபது நான்தான், என்னை நீக்கு' என்று கோபமாக எழுதியிருக்கிறார்களாம். வந்தவர்களில் எழுதாத ஒரே ஆள் அந்த அறுபதாம் எண்காரர்தானாம். "அப்ப என் நோட்டை ஏன் கதையாக்கலை?" என்று கேட்டேன். "முதல்ல உங்களோடதைத்தாம்பா எழுதினேன். மேடம் படிச்சுட்டு, 'ரொம்ப மிகையா இருக்கு, ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, வேற ஆளைப் பாரு'ன்னுட்டாங்க" என்றாள். மிகையா? முப்பத்தாறு வருஷத்தில் ஒரு வரி மிகையாக எழுதியவனா நான்? விலகல் கடிதத்தைக் கிழித்தாயிற்று. இருபத்துமூன்றில் உள்ளது அத்தனையும் உண்மை, அறுபதுக்கு அடுத்த அத்தியாயமாகவாவது என்னைச் சேர்க்க வேண்டும் என்று பேராசிரியம்மாவுக்கு எழுதிவிட்டேன். அவர் நம்ப வேண்டுமே, அதனால் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். ஆனால் நீ பாத்திரம் தேய்க்கும்போது நான் பக்கத்தில் சும்மாதான் நின்றேன் என்று உள்ளது உள்ளபடி எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு.