சென்டர் பார்வர்டு பரமசிவத்தின் பெயரை எடுக்கச் சொல்லி

பிள்ளையார்பாளையம்,
பெரிய காஞ்சிபுரம்.
பவ வருஷம், தை மாதம், வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி மச்சான் அர்ஜுனனுக்குக் குப்புசாமி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் கிருபையால் இவ்விடத்தில் ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அந்த ஒருவன் யாரென்று நீ கேட்க வேண்டியதில்லை. உன் வீட்டில் தங்கிக் காலேஜில் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பந்து உதைக்கிற என் புத்திரன் பரமசிவம்தான், வலது காலில் தலையணை அளவு கட்டோடு கூடத்தில் படுத்திருக்கிறான். அவ்விடத்தில் உன் சம்சாரமும் குழந்தைகளும் சௌக்கியமா என்றும், உன் வீட்டுக் கிணற்றில் இந்த மழைக்காவது உப்புக் குறைந்ததா என்றும் எழுதவும்.

இனி விஷயம். இந்தக் கடிதம் கண்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையை அலம்பிக்கொண்டு, நீ நேரே காலேஜுக்குப் போய்ப் பிரின்ஸிபால் துரையைக் கண்டு, பரமசிவத்தின் பெயரைப் பந்தாட்டக் கோஷ்டியிலிருந்து அடித்துவிடும்படி சொல்ல வேண்டியது. தகப்பனாருக்குச் சம்மதம் இல்லை என்று அழுத்திச் சொல். பங்குனியில் அவனுக்குப் பரீட்சை. பந்து வந்து அவனுக்காகப் பரீட்சை எழுதப்போவதில்லை. உனக்கு இங்கிலீஷில் கோபமாகப் பேச வராது என்பது எனக்குத் தெரியும். தமிழிலேயே பேசு, முகத்தை மட்டும் கோபமாக வைத்துக்கொள்.

இத்தனைக்கும் காரணம் நீ போட்ட கார்டுதான். "பரமசிவத்தை இந்த வருஷம் சென்டர் பார்வர்டாகப் போட்டிருக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதினாயே, அதை ஒரு கவரில் வைத்து அனுப்பியிருக்கக் கூடாதா? தபால்காரர் தெருமுனையிலேயே படித்துவிட்டார். கார்டு என் வீட்டு வாசலுக்கு வருமுன் ஜனங்கள் வந்துவிட்டார்கள். உன் அக்காள் அம்சவேணி இது ஏதோ சர்க்கார் உத்தியோகம் என்று நினைத்துக் காமாட்சியம்மன் கோவிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு புறப்பட்டுவிட்டாள். உத்தியோகம் இல்லையடி, பந்து உதைக்கிற ஆட்டத்தில் நடுவில் முன்னால் நிற்கிற இடம் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். "நடுவுல முன்னால நிக்கறதுன்னா பெரிய எடந்தானே? கல்யாணத்துல மாப்பிள்ளைய அப்பிடித்தானே நிக்க வெக்கறாங்க" என்று என்னையே மடக்கிவிட்டு, போயே போய்விட்டாள்.

அவளையாவது விடு, பெற்றவள். இந்தக் கோதண்டத்துக்கு என்ன வந்தது? அவனை உனக்குத் தெரியும். என் தறிகளில் அவன் கைக்கு ஈடு கிடையாது, அவன் வாய்க்கும் ஈடு கிடையாது. அந்தக் காலேஜ் மூன்று வருஷமாக எவரையும் ஜெயித்ததில்லை, பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் பாஸ் செய்துவிட்டுப் போய்விட்டார்கள், இப்போது இருப்பவை எல்லாம் மீசை முளைக்காத புதுப் பிள்ளைகள், மீசை முளைத்தவன் ஒரே ஒருவன், அவனும் கோலில் நிற்கிறான் என்று நான் அவனுக்கு நிலைமையை எடுத்துச் சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அதாண்ணா விசேஷம். பழய ஆளுங்களுக்குத் தோத்துத் தோத்துப் பழக்கம் ஆயிட்ச்சி. இந்தப் பசங்களுக்குத் தோக்கவே தெரியாதுபா. எப்பிடித் தோப்பாங்க?" சொல்லிவிட்டுத் தறியிலிருந்து எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு இதைச் சொல்லப் போய்விட்டான்.

தோற்கத் தெரியாத பிள்ளைகள் முதல் ஆட்டத்திலேயே ஆறு கோல் வாங்கினார்கள். அன்றைக்காவது தெரு அடங்கும், தறிச் சத்தம் கேட்கும் என்று நம்பி நான் காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். கோதண்டம் வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தானேண்ணா தறியில பாவு பூட்டிக்கீறாங்க! மொத மொழத்தப் பாத்துட்டுப் பொடவை சரியில்லன்னு யாருனா சொல்லுவாங்களா?" என்கிறான். அவனோடு சின்ன காஞ்சிபுரத்து யதிராஜ அய்யங்காரும் வந்தார். பென்ஷன் வாங்கின கணக்கு வாத்தியார். பரமசிவத்துக்கு ஹைஸ்கூலில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, அது அவன் தலையில் ஏறாது என்று எனக்கே எழுதியனுப்பினவர். தெற்கு மாட வீதியில் நாமத்தின் வளைவுக்காகப் பத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாத மனுஷர், இப்போது தினம் சாப்பாடு ஆனதும் எங்கள் தெருவுக்கு நடந்து வந்து, என் தறிக்கூடத்தில் நூல் மூட்டைமேல் உட்கார்ந்து, தரையில் சாக்கட்டியால் மைதானம் வரைகிறார். பரமசிவம் உதைத்த பந்து கோலுக்கு மேலே பறந்து, மதிலைத் தாண்டி, ரோட்டில் போன ஜட்காவுக்குள் விழுந்ததாம். அதைப் பேப்பரில் படித்துவிட்டு அவர் சொல்கிறார்: "எத்தனை உயரம் பாத்தேளா, முதலியார்வாள்! உயரம் இருக்கு. வேகம் இருக்கு. திசை ஒண்ணுதான் பாக்கி. அது தானா வந்துடும்."

அமாவாசைக்கு மட்டும் தறி நிறுத்துகிற தெரு இது. எங்கள் பாட்டன் காலம் முதல் அப்படித்தான். இப்போது ஆட்டத்துக்கு முதல் நாள் நிறுத்துகிறார்கள், ஆட்டத்தன்று நிறுத்துகிறார்கள், மறுநாள் பேசுவதற்காக நிறுத்துகிறார்கள். கோதண்டத்தின் தறியில் தென்னேரிக் கல்யாணத்துக்கான கூறைப் புடவை பாதியில் நிற்கிறது. முகூர்த்தம் நெருங்குகிறதே என்று பெண்ணின் தகப்பனார் பதறிக்கொண்டு வந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவரைக் கோதண்டத்திடமே அனுப்பினேன், நன்றாகக் கேட்கட்டும் என்று. ஒரு நாழிகை கழித்து வெளியே வந்தார். புடவையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அடுத்த ஆட்டம் என்னிக்குங்க?" என்று என்னைக் கேட்டார்.

அந்த அடுத்த ஆட்டத்துக்குத்தான் தெருவே ரயிலேறிப் பட்டணம் வந்தது. உனக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, தப்பித்தாய். நான் ஆட்டம் பார்க்கப் போகவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள். ஆட்டம் முடிந்ததும் பையனைக் காதைப் பிடித்து உன் வீட்டில் புஸ்தகத்தின் முன்னால் உட்கார வைக்கலாம் என்று போனேன். செங்கல்பட்டில் வண்டி மாறும்போது பார்க்கிறேன், எங்கள் ஜனத்தோடு நாதஸ்வரம், தவில், ஒரு மூட்டைத் தேங்காய். கல்யாணக் கோஷ்டி என்று நினைத்த ஸ்டேஷன் மாஸ்டர் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். "மாப்பிள்ள மைதானத்துல ரெடியா கீறாருங்க" என்றான் கோதண்டம். தேங்காய் எதற்கென்று நான் கேட்டேன். வழியில் சட்னி அரைக்கவா போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இப்போது கேள். எங்கள் ஊரில் சாமி புறப்பட்டாலும், புது வீட்டில் நுழைந்தாலும், தறி மேடை போட்டாலும், வாசலில் ஒரு தேங்காய் விட்டடித்தால்தான் மனசு ஆறும். அதில் தப்பில்லை. ஆனால் எந்த வாசலில் அடிப்பது என்று ரயிலில் பெரிய விவாதம். எந்த வாசலில் நுழைய வேண்டுமோ அந்த வாசலில்தான் அடிக்க வேண்டும், பரமசிவம் நுழைய வேண்டியது எதிராளியின் கோல், ஆகையால் எதிராளியின் கோலில்தான் என்று கோதண்டம் தீர்ப்புச் சொல்ல, கணக்கு சரியாக இருக்கிறது என்று அய்யங்கார் தலையாட்டிவிட்டார். ஆட்டம் ஆரம்பிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மேளத்தோடு மைதானத்துக்குள் போனார்கள். எதிர்க் காலேஜின் கோல்காரப் பையன் நல்ல பிள்ளை, ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். மூட்டைத் தேங்காயும் சிதறியது. நடுவராக இருந்த வெள்ளைக்காரத் துரை ஓடிவந்து விசிலை ஊது ஊதென்று ஊதினார். தவில்காரர் அதைக் கெட்டிமேளத்துக்கு உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் சிதறின தேங்காய் ஓட்டைப் பெருக்கினார்கள். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புல்தரையில் என்னத்தைப் பெருக்குவது? எதிர்க் காலேஜுப் பையன்கள் எல்லோரும் பூட்ஸ் போட்டவர்கள். நம் பிள்ளைகள் எல்லோரும் வெறுங்கால். ஒரு தெருவே கூடி, ரயிலேறி வந்து, மேளம் கொட்டி, நம் பையன் ஓடவேண்டிய இடமாகப் பார்த்து ஓடு பரப்பியிருக்கிறது என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அர்ஜுனா, அவன் ஓடினதை நான் பார்த்தேன். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வையென்றால் நாலு தரம் கூப்பிட வேண்டிய பிள்ளை. பந்தை வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் போகிறவன் மாதிரிக் காட்டி அந்தப் பக்கம் போய், இரண்டு பூட்ஸ்காரர்களை உட்கார வைத்துவிட்டு, கோல்காரனும் தடுக்கி விழ, எதிரே ஒருவரும் இல்லாமல் ஓடினான். உதைக்கக் காலை ஊன்றினான், விழுந்தான். பந்து தானாக உருண்டு போய், விழுந்து கிடந்த அந்த நல்ல பிள்ளையின் மடியில் உட்கார்ந்துகொண்டது. நான் மைதானத்துக்குள் ஓடியிருக்கிறேன் போலிருக்கிறது, துரை என்னைப் பார்த்தும் விசில் ஊதினார். ஊதட்டும். உள்ளங்காலில் ஓடு இறங்கி ரத்தமாக ஓடுகிறது, இவன் என்னைப் பார்த்து, "நைனா, கோலா?" என்கிறான். தோள் துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினேன்.

மூன்று கோலில் தோற்றார்கள். திரும்பி வருகிற வண்டியில் நான் பையன் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே இவர்கள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் போலக் களை கட்டியிருக்கிறார்கள். "போன தடவை ஆறு, இந்தத் தடவை மூணு. அடுத்த தடவை பூஜ்யம். அதுக்கு அடுத்ததிலே நாம மூணு போட்டாகணும், கணக்கு அப்படித்தான் போறது" என்று அய்யங்கார் விரல் விட்டுக் காட்டுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், தேங்காய் ஓட்டைக் கொண்டுபோய்ப் போட்டது யாரடா என்று கோதண்டத்தைக் கேட்டுவிட்டேன். அவனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரவேண்டுமே! "திருஷ்டிண்ணா. பெரிய திருஷ்டி. தேங்கா ஒடச்சதால வெட்டுக் காயத்தோட போச்சி. ஒடைக்காம வுட்டிருந்தா காலே போயிருக்கும்" என்று சொல்லி, மேலே பார்த்துக் கும்பிட்டான்.

அன்றிலிருந்து என் வீடு வீடாக இல்லை. காலைப் பார்க்க வருகிறார்கள், அர்ஜுனா, காலை. ஆளைப் பார்த்து "எப்பிடிக்கீற" என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. கட்டை உற்றுப் பார்த்து, "வீக்கம் வடிஞ்சிக்கினு வருதுபா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் வேப்பெண்ணெய், ஒருவர் மஞ்சள் பற்று, கூரத்திலிருந்து ஒரு வைத்தியர் பச்சிலை. உன் அக்காள் வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து ஓய்ந்துபோனாள். படுத்திருக்கிறவன் வாயைத் திறப்பதில்லை, புஸ்தகத்தையும் திறப்பதில்லை. இந்தத் தெருவின் நம்பிக்கை ஒரு பதினெட்டு வயசுப் பிள்ளை தாங்குகிற பாரமில்லை. இன்னொரு ஆட்டம் ஆடினால் அன்பாலேயே அவனைக் கொன்றுவிடுவார்கள். ஆகையால் மறுபடியும் சொல்கிறேன், பெயரை எடுத்தே ஆக வேண்டும். தாமதம் செய்தால் உன் அக்காள் மேல் ஆணை.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் சம்சாரம் கேட்டிருந்த மாம்பழக்கலர் புடவை, கோதண்டத்துக்கு எப்போது புத்தி வருகிறதோ அப்போது வரும். காமாட்சி உங்கள் எல்லோரையும் நோய்நொடி இல்லாமலும் பந்து இல்லாமலும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
குப்புசாமி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற சமயம், நம் காலேஜின் அந்த மீசைக்காரக் கோல்காரன் ரயிலில் வந்து இறங்கினான். அவன்தான் கோஷ்டிக்குக் கேப்டனாம். மரியாதையான பையன், காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து விசாரித்தான். அப்புறம் தயங்கித் தயங்கி, பரமசிவம் கஷ்டப்பட வேண்டாம், இனிமேல் அந்த இடத்தில் ராஜகோபால் என்று வேறொருவனைப் போட்டுவிடலாம் என்று காலேஜில் பேச்சு, சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றான். நீ போகாமலே காரியம் முடிந்தது, நான் தேங்காய் உடைத்திருக்க வேண்டும். பரமசிவம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன ஆயிற்றோ தெரியவில்லை, கத்த ஆரம்பித்துவிட்டேன். "யார்ரா அந்த ராஜகோபாலு? ரெண்டு பூட்ஸ்காரன உக்கார வெப்பானா அவன்? எம் புள்ள வெச்சான், நான் கண்ணால பாத்தேன்! ஆறாத காலா இது? ஆறுற வரிக்கும் அந்த எடத்துல ஒருத்தன் நிக்கக் கூடாது!" என்றேன். உன் அக்காள் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். பரமசிவம் என் பக்கம் திரும்பினான். "நைனா, கால் ஆறினா நீயும் வரியா?" என்று கேட்டான். காலேஜில் சேர்ந்த நாள் முதல் அவனாக என்னிடம் ஒன்று வேண்டுமென்று கேட்டது இதுதான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால் நீ பிரின்ஸிபால் துரையைப் பார்க்கத்தான் வேண்டும். பெயரை எடுக்கச் சொல்லி அல்ல, எடுக்காமலிருக்கச் சொல்லி. தகப்பனாருக்குப் பூர்ண சம்மதம் என்று அழுத்திச் சொல். முகத்தைக் கெஞ்சுகிற மாதிரி வைத்துக்கொள். எங்களுக்குக் கோல் பக்கமாக நல்ல இடம் பார்த்து வை, தெரு முழுக்க வருகிறது. ஜெயிப்பார்களா என்று கேட்டு எனக்குக் கார்டு போடாதே. ஜெயிக்காமல் எங்கே போகிறார்கள்?