உயர்மட்டக் குழு தையலுக்குப் பொருள் கண்ட கதை

முதலில் நாற்காலியைப் பிடுங்கினார்கள். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பவளுக்குத் தரை போதும் என்றார்கள். இரண்டாவது, ஜன்னலோர இடத்தைப் பிடுங்கி அங்கே மேற்பார்வையாளரின் மேஜையைப் போட்டார்கள். அவருக்குப் பேப்பர் படிக்க வெளிச்சம் வேண்டுமாம். மூன்றாவது, எண்பத்தொன்பது நாள் வேலை பார்த்தவரைத் தொண்ணூறாம் நாள் நீக்கி, மறுநாள் புதிதாகச் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். தொடர்ந்து தொண்ணூறு நாள் இருந்தால் நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மதிக்கும் அலுவலகம் அது. நான்காவது, அப்படி ஒரு தொண்ணூறாம் நாளில், மறந்துவைத்த சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வந்த காஜா அக்கா படியில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டபோது, "குறிப்பிட்ட தேதியில் அப்படியொரு நபர் இந்நிலையத்தில் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படியானால் உடைந்தது யாருடைய கை என்பது பற்றி அலுவலகம் கருத்துத் தெரிவிக்கவில்லை.

சீருடை தைக்கும் அந்த அரசு நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக ஒரே காஜா வேலையைப் பார்த்தபடியே அக்கா எழுபத்தேழு தடவை புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஐந்தாவதாக ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். புதிதாகச் சேர்பவர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. அடுத்த தொண்ணூறாம் நாளுக்கு இன்னும் ஐம்பது நாள்தான் இருந்தது.

தொழிலாளர் சங்கம் சும்மா இருக்குமா? வாசலில் பதினேழு நாள் உட்கார்ந்தார்கள். மேலிடம் இறங்கி வந்தது. தையல்காரர் என்று நிரூபணமாகிறவர் உடனே நிரந்தரம். தையல் என்றால் என்ன என்பதை ஓர் உயர்மட்டக் குழு சொல்லும். குழு சொல்வதை இரு தரப்பும் மறுபேச்சின்றி ஏற்கும். சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டார். வெற்றி என்று துண்டறிக்கையும் அடித்தார். புதிய நிரந்தர ஊழியரின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

குழுவின் தலைவர் வாழ்நாளில் ஊசியில் நூல் கோத்ததில்லை. ஆகவே பாரபட்சமற்றவர். பன்னிரண்டு அமர்வுகளில் அகராதிகளை அலசினார்கள். மூட்டுதல், இணைத்தல், பொருத்துதல், இழையோட்டுதல் என்று ஒத்த சொற்கள் வந்து குவிந்தன. ஒரு பழைய அகராதியில் தையல் என்பதற்குப் பெண் என்றும் பொருள் இருந்தது. அதை விட்டுவைத்தால் நிலையம் முழுக்க நிரந்தரமாகிவிடும் என்று கண்டு, அன்றைக்கே சிவப்பு மையால் அடித்தார்கள். மிஞ்சிய பொருள் இதுதான்: "ஊசியும் நூலும் தன்வசம் கொண்டு, இரு துணிகளை ஒன்றாக இணைத்தல்."

பிரிவுக்கு ஒருவராக நான்கு பெண்களை அழைத்தார்கள். முதலில் மடிப்புக்காரி.

"நீங்க என்ன பண்றீங்கம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"ஓரம் மடிச்சு அடிக்கிறேன் சார்."

"எத்தனை துணி?"

"ஒரே துணிதான்."

"ஒரே துணியை அதோடவே எப்படிம்மா இணைக்கிறது? அது ஏற்கெனவே ஒண்ணாத்தானே இருக்கு. எழுதுப்பா, மடித்தல். சலவைப் பிரிவு. வயசு இருந்தா அங்க போய்ப் புதுசாச் சேர்ந்துக்கலாம்."

மடிப்புக்காரி திரும்பிப் பார்த்தாள். "நீயாவது சொல்லேன்க்கா."

அக்கா தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். மடிக்கிறது மடிக்கிறதுதானே என்று அவளுக்கும் பட்டது.

அடுத்து பட்டன்காரி.

"பட்டன் துணியாம்மா?"

"பட்டன் பட்டன்தான் சார்."

"துணியில துணியல்லாத பொருள். பொருத்துதல். தச்சுப் பிரிவு."

இதற்கும் அக்கா நகத்தைத்தான் பார்த்தாள். ஆள் கழியக் கழிய நமக்கு இடம் என்று மனசு சொன்னது. அவள் முறை வந்ததும் தெம்பாகவே பேசினாள்.

"காஜா எடுக்கிறேன் சார். ஊசி, நூல் ரெண்டும் கையிலதான்."

"முதல்ல என்ன செய்வீங்க?"

"துணியை வெட்டுவேன்."

"வெட்டினா துணி சேருமா, பிரியுமா?"

"வெட்டின இடத்தைச் சுத்தித்தானே சார் தைக்கிறேன்."

"ஓட்டை விழுந்தா மூடுறதுதாம்மா தையல். நீங்க மூடாம காப்பாத்துறீங்க. எழுதுப்பா, துளையிடல். ஆழ்குழாய்க் கிணற்றுப் பிரிவு."

அக்கா சங்கத் தலைவரைப் பார்த்தாள். அவர் உடன்படிக்கையின் மூன்றாம் பத்தியைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, கூடத்துச் சுவரோரம் ஏழாம் எண் மிஷின் ஓட்டும் மிஷின்காரி. "சட்டைக்குப் பக்கம் மூட்டுறேன் சார். முன்துணி ஒண்ணு, பின்துணி ஒண்ணு."

குழு கால் மணி நேரம் தாள் புரட்டியது. "சரியாத்தான் இருக்கு" என்றார் தலைவர், மிகுந்த வருத்தத்துடன்.

மிஷின்காரி சேர்ந்து நான்கு வருஷம்கூட ஆகவில்லை. அவள் பெருமூச்சு விட்டு அக்காவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவ்வளவுதான், அக்கா விறுவிறுவென்று குழுவின் முன்னால் வந்து நின்றாள்.

"சார், ஊசி அவ கையிலயா இருக்கு? மிஷின்ல இருக்கு. நூலும் அதுலதான் சுத்தியிருக்கு. இவ கீழ உக்காந்து மிதிக்கிறா. மிதிக்கிறதுக்குப் பேரு தையலா?"

"அடிப்பாவி, உனக்கு இல்லைன்னா யாருக்குமே இருக்கக் கூடாதா?" என்றாள் மிஷின்காரி.

குழுத் தலைவர் எழுந்து நின்று அக்காவைக் கும்பிட்டார். "பன்னிரண்டு அமர்வுல எங்க யாருக்கும் இது தோணலைம்மா."

மறுநாள் தீர்ப்பு. நிலையத்து ஆட்கள் எல்லோரையும் கூடத்தில் நிறுத்தினார்கள். சாட்சிக் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பெயரைக் கேட்டபின் சிலர் மனம் மாறக்கூடும் என்பது அனுபவம். முதல் சாட்சி காஜா அக்கா. ஐந்தாவது சங்கத் தலைவர். ஒருவராவது நிரந்தரமானால் அது சங்கத்துக்கு வெற்றிதான் என்று சொல்லியபடியே போட்டார்.

குழுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காஜாப் பிரிவு அம்மையாரின் வாக்குமூலத்தை முழுமையாக ஏற்று, ஊசியும் நூலும் தன்வசம் கொண்டு இரு துணிகளை இணைப்பவர் இந்நிலையத்தில் ஒருவரே எனக் குழு ஐயமற உணர்ந்துள்ளது. அன்னார் ஒருநாளும் விடுப்புக் கோரியதில்லை, வாசலில் உட்கார்ந்ததில்லை என்பதும் கருதப்பட்டது. அன்னாருக்கு ஆட்சேபம் இருந்தால் இப்போதே தெரிவிக்கலாம்."

சுவரோரமாகத் திரும்பி, மரியாதையாக ஒரு நிமிஷம் காத்திருந்தார். மௌனம் சம்மதம் என்று குறித்துக்கொண்டார். பிறகு சாட்சிகள் ஐவரும் கேட்க உரக்கப் படித்தார்:

"நிரந்தரத் தையல்காரர், ஏழாம் எண் மிஷின்."