குழிக்கு நான்கெல்லை

ஒரு காட்டில் முன்னொரு காலத்தில் என்று தொடங்க ஆசைதான். ஆனால் வழக்கு இன்னும் முடியாததால், ஒரு காட்டில் இப்போதும் என்றே தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காட்டின் குடிநீர் வாரியம் காட்டுப்பன்றிகள் கையில் இருந்தது. குழாய் பதிக்கப் போகிறோம் என்று அவை ஒற்றையடிப் பாதையின் நடுவே ஒரு குழி தோண்டின. குழாய் வரவில்லை, மழை வந்தது. சுற்றி ஒரு முள்ளைக்கூட வெட்டிப் போடாமல் பன்றிகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. குழித் தண்ணீரில் படர்ந்த பாசியைப் புல்தரை என்று நினைத்துக் கால் வைத்தான் செங்கோடன் என்ற முயல். அதிலேயே மூழ்கிச் செத்துப்போனான்.

அவன் மனைவி பாவாயி மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் அழுகையை மீறி ஒரு பயம் வந்தது. அவளுடைய ஐந்து குட்டிகளும் புல்வெளிக்குப் போக அந்தப் பாதையை விட்டால் வேறு வழி கிடையாது.

வன நீதிமன்றத்துக்கு ஓடினாள். மனு வாங்கும் இடத்தில் எழுத்தர் உடும்பு உட்கார்ந்திருந்தது.

“எம் புருசன் உளுந்து செத்த குழியை மூடச் சொல்லோணுங்க.”

“அதுக்கெல்லாம் ஃபாரம் இல்லம்மா. செத்ததுக்கு நஷ்டஈடு கேட்டுப் போடு. மூடச் சொல்லிக் கடைசியில ஒரு வரி சேத்துக்கலாம்.”

போட்டாள். இறப்புச் சான்று இல்லை என்று மனு திரும்பி வந்தது. வாங்கி வைத்தாள். வாரிசுச் சான்று இல்லை என்று மறுபடி வந்தது. ஐந்து குட்டிகளையும் வரிசையாக நிறுத்திக் காதைப் பிடித்து எண்ணிய பிறகு அதுவும் கிடைத்தது. மூன்றாம் முறை உடும்பு கேட்டது:

“குழிக்கு நான்கெல்லை எங்க? வடக்க என்ன, தெக்க என்னன்னு நாலு பக்கமும் எழுதாட்டி அது எந்தக் குழின்னு கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்?”

“இங்கிருந்து பாத்தாலே தெரியுதுங்களே?”

“கோர்ட் பாக்காது. படிக்கும்.”

பாவாயி எழுதினாள். வடக்கே நாவல் மரம், தெற்கே கறையான் புற்று, கிழக்கே ஓடை, மேற்கே என் புருசன் கடைசியாக நின்ற இடம். உடும்பு மேற்கை அடித்துவிட்டுப் ‘பாதை’ என்று திருத்தியது.

வழக்கு நீதிபதி கரடியிடம் வந்தது. பன்றிகளின் வக்கீல் நரி எழுந்து, “கனம் நீதிபதி அவர்களே, அது குழியே அல்ல, வேலை முடியாத குழாய்” என்றது.

கரடி நெடுநேரம் தாடையைச் சொறிந்தது. “குழிதான் முக்கியச் சாட்சி. வழக்கு முடியும் வரை அதை யாரும் தொடக் கூடாது” என்று சொல்லி வாய்தா போட்டது.

வாய்தாக்கள் போயின. அடுத்த மழையும் வந்தது. ஒருநாள் பாவாயியின் கடைக்குட்டி பாசியில் கால் வைத்துவிட்டது. காதைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது போன மழையிலேயே வந்திருக்க வேண்டிய கோபம். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, பின்னங்காலால் மண்ணை எற்றி எற்றி, மாலைக்குள் குழியை மூடிவிட்டாள்.

கோர்ட்டுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! மறுநாள் காலையில் சம்மன், உடனே விசாரணை, மதியச் சாப்பாட்டுக்கு முன் தீர்ப்பு. சாட்சியத்தை அழித்த குற்றத்துக்காகப் பாவாயி மூன்று முழ ஆழம், நாலு முழ அகலத்தில் குழியை மறுபடி தோண்ட வேண்டும். இன்று மாலை வரை கெடு. தவறினால் சிறை.

பாவாயி நகலை வாங்கி இரண்டு தரம் படித்தாள். ஆழம் இருந்தது, அகலம் இருந்தது, சீல் இருந்தது. சாப்பாட்டு அவசரத்தில் உடும்பு நான்கெல்லை எழுத மறந்திருந்தது.

“இதுல இருக்கறபடி தோண்டினாப் போதுங்களா?” என்று கேட்டாள்.

“ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது” என்றது உடும்பு, வாயில் சோற்றோடு.

“சரிங்க.”

மறுநாள் காலை, கோட்டும் கழுத்துப் பட்டையுமாகக் குகையை விட்டு வெளியே வந்த கரடி, வாசலிலேயே இடுப்பு வரை இறங்கியது. நரியும் உடும்பும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தன.

“யார் வேலை இது?” என்று கரடி உறுமியது.

“உங்க உத்தரவுதானுங்க” என்று பாவாயி நகலை நீட்டினாள்.

கரடி படித்தது. முதல் முறையாகக் குழியைப் பார்க்கவும் செய்தது. மதியத்துக்குள் பன்றிகள் ஓடி வந்து அதை மூடி, மேலே கல்லும் பதித்தன. இறப்புச் சான்றை ஒருவரும் கேட்கவில்லை. காட்டில் எங்குமே திறந்த குழி இருக்கக் கூடாது என்று அன்று மாலையே உத்தரவும் வந்துவிட்டது.

இப்போது ஐந்து குட்டிகளும் அந்தப் பாதையில் துள்ளிக்கொண்டு போகின்றன. செங்கோடன் வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. போன வாய்தாவில் நரி எழுந்து, “குழியே இல்லாத இடத்தில் முயல் எப்படி விழுந்து சாகும்?” என்று கேட்டது. நல்ல கேள்வி என்று கரடி குறித்துக்கொண்டது.

நீதி: செத்தவருக்கு நியாயம் வேண்டுமென்றால் மனு போடுங்கள். இருப்பவர்கள் பிழைக்க வேண்டுமென்றால் நீதிபதியின் வீட்டு வாசல் எதுவென்று விசாரித்து வையுங்கள். மண்வெட்டி யாரிடமும் இரவல் கிடைக்கும்.