ஆள் பார்த்து அழுகிறவர்கள்

கீழே விழுந்தவுடன் அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு வலிக்கிறது, அழுகிறது, விஷயம் முடிந்தது. ஆனால் விழுந்து, தானாக எழுந்து, கவுனில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து, வேண்டிய முகம் ஒன்று கண்ணில் பட்ட பிறகே உதட்டைப் பிதுக்குகிற பிள்ளை ஒன்று உண்டு. அந்த இனத்தைத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். கண்ட ஆளுக்கெல்லாம் திறந்துவிட, கண்ணீர் என்ன கார்ப்பரேஷன் தண்ணீரா?

இந்த இனத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டுமா? விளாங்குடியில் டாக்டர் சமீனாவின் பல் கிளினிக்கில் போய் உட்காருங்கள். நான் ரூட் கெனாலுக்காக மூன்று முறை போனேன். மூன்று முறையும் எதிர் நாற்காலியில் ஆர்த்திகா. வயது ஆறு. கடைவாய்ப் பால்பல் ஒன்று சொத்தையாகி, கன்னம் வீங்கி, பிடுங்க வேண்டிய நிலையில் இருந்தது.

முதல் தடவை அவளோடு அப்பா, அம்மா, அத்தை, மாமா, போகிற வழியில் ஏறிக்கொண்ட மாமாவின் சிநேகிதர் என்று ஒரு வேன் வந்து இறங்கியது. நம் ஊரில் துணை இல்லாமல் யாராவது பல் பிடுங்குவார்களா? பெயர் கூப்பிடும்வரை பிள்ளை மீன்தொட்டியில் மீன்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் இருக்கிறார்களா என்று சரிபார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்! டாக்டர் வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக்கூடக் கையில் எடுக்கவில்லை. "விட்ருங்க டாக்டர், பிஞ்சுப் புள்ள" என்று மாமா கண்ணைத் துடைக்க, அன்றைக்கு அதோடு சரி.

இரண்டாம் தடவை அப்பாவும் அம்மாவும் மட்டும். இந்த இனத்துக்கு இரண்டு பேரே தாராளம். அம்மா மனசைக் கல்லாக்கியபோது அப்பா பக்கம் திரும்பி அழுதாள். அப்பா தேற்றினால் அம்மா பக்கம். மறுபடியும் பல்லோடு திரும்பினார்கள்.

மூன்றாம் தடவை டாக்டரே போன் போட்டு, ஒரு ஆள் போதும் என்று சொல்லிவிட்டார். அப்பா அருள்பாண்டி வந்தார். பழங்காநத்தத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறவர், மூட்டையை ஒற்றை ஆளாக இறக்குகிறவர்.

"இன்னிக்கு எடுத்தே ஆகணும் சார். விட்டா சீழ் உள்ள இறங்கி, அடியில முளைக்கப்போற பல்லையும் கெடுத்துரும். நீங்க வெளிய இருங்க."

"நான் இல்லாட்டி புள்ள பயந்துரும் டாக்டர்!"

"நீங்க இருக்கிறதுதான் சார் பிரச்சினையே."

கதவு சாத்தப்பட்டது. அருள்பாண்டி கதவில் காதை வைத்தார். ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். உள்ளேயிருந்து ஆர்த்திகாவின் குரல் கணீரென்று கேட்டது: "ஆன்ட்டி, இந்தச் சேரு எம்புட்டு ஒசரம் போகும்?"

அப்புறம் சத்தமே இல்லை. அருள்பாண்டி என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, அழுகவே மாட்டேங்குது?"

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனாலும் 'அப்பா'ன்னு ஒரு வார்த்தை கூப்பிடலையேண்ணே."

சொல்லிவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பல் வருமா வராதா என்று பயந்து வந்த மனுஷன், பிள்ளைக்கு நான் வேண்டுமா வேண்டாமா என்ற பயத்தில் முகம் வெளுத்துப்போயிருந்தார். என் வாயில் இருந்த வலியை மறந்து அவருக்காகப் பரிதாபப்பட்டேன், நிஜமாகவே.

கதவு திறந்தது. பஞ்சைக் கடித்தபடி, காகிதத்தில் மடித்த பல்லோடு ஆர்த்திகா வந்தாள். என்னைத் தாண்டினாள். சீட்டுக் கொடுக்கிற பெண்ணைத் தாண்டினாள். கன்னத்தில் பொட்டு ஈரம் இல்லை. அப்பாவைப் பார்த்தாள். நின்றாள். உதடு பிதுங்கியது. அப்புறம் அழுதாள் ஐயா, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்த்திருப்பான்!

"அப்பா இருக்கேன்ல தங்கம், அப்பா இருக்கேன்ல" என்று வாரித் தூக்கினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

டாக்டர் சமீனா வாசலில் நின்று சிரித்தார். "உள்ள ஒரு சொட்டு விடல சார். எல்லாம் உங்களுக்குன்னு எடுத்து வச்சது."

"ஒண்ணுமில்லண்ணே, சின்னப் பல்லுதானே" என்று என்னிடம் வீரமாகச் சொன்னபடியே அருள்பாண்டி வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி, "என்னங்க, எடுத்தாச்சா?" என்று கேட்டதுதான் தாமதம். "ஆச்சுடி..." என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க விசும்பினார். ஆர்த்திகா தன் அழுகையை நிறுத்திவிட்டு, தொழில் தெரிந்தவள் பார்க்கிற மாதிரி அப்பாவைப் பார்த்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் காய்ச்சல் என்று லீவு போட்டீர்களே. வீட்டில் ஆளில்லாத பகல் முழுக்க செல்லில் கிரிக்கெட் பார்த்து, தோசையும் நீங்களே வார்த்துத் தின்று, சாயங்காலம் வாசல் கேட் சத்தம் கேட்டதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்து "அம்மா..." என்று முனகினீர்களே, அது எந்த இனம்? வீட்டுக்காரிக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அவர் வந்ததும் முதலில் தொட்டது அடுப்பில் இருந்த தோசைக்கல்லை. அப்புறம்தான் வந்து உங்கள் நெற்றியைத் தொட்டு, "அச்சச்சோ, இம்புட்டுக் கொதிக்குதே!" என்றார்.