நாற்காலிக்கு வந்த பழைய அறிவு

மறதி வைத்தியர் வந்த அன்று அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பம்புகூட வெளியே போகவில்லை. முந்நூறு பேரும் உணவுக்கூடத்தில் நெற்றியைக் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சொந்தக் கல்யாணத்துக்கே கழுவாத நெற்றிகள்.

பழசை மறக்காத நிறுவனம் உருப்படாது என்று முதலாளியம்மா எங்கோ கேட்டிருந்தார். நியாயமான பேச்சுதான். ஆனால் எதை மறப்பது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டுமே. வைத்தியரைக் கூப்பிடுவது சுலபம்.

வைத்தியர் பஞ்சால் நெற்றியைத் துடைத்து, தம்ளர் தண்ணீரில் போடுவார். தண்ணீர் கறுக்கும். தலைக்குள்ளிருந்த பழைய அறிவாம் அது. தண்ணீர் தார் மாதிரிக் கறுத்தால் அந்த ஆளுக்கு வெள்ளிக்கிழமையோடு வேலை இல்லை. மேனேஜரின் தண்ணீர் பளிங்காக நின்றது. அவருக்கு மறக்க ஒன்றுமில்லை என்பதை யாரும் சந்தேகிக்கவில்லை.

சரக்கு அனுப்பும் பிரிவில் பதிவேடு எழுதும் அக்காவும் வரிசையில் நின்றாள். இருபத்திரண்டு வருட வேலை. வீட்டில் நாலு வயிற்றுக்கும் அவள் சம்பளம்தான்.

லேத் மெஷின் ஓட்டும் லேத் அண்ணன் சோதனை முடிந்து திரும்பி வந்தார்.

"என்னண்ணே, கறுத்துடுச்சா?"

"கறுத்துடுச்சும்மா. ஆனா தலை லேசா இருக்கு."

"வேலை போச்சுண்ணே."

"அதான் லேசா இருக்கோ என்னவோ."

அக்கா வைத்தியரின் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு இரண்டு அறை. பக்கத்தில் மேனேஜர் சும்மா நின்றால் இடது அறைப் பஞ்சு. மேனேஜர் தாடையைச் சொறிந்தால் வலது அறைப் பஞ்சு. அவள் முறை வந்தது. மேனேஜருக்குத் தாடை அரித்தது.

"உட்காரும்மா," என்றார் வைத்தியர்.

"முதல்ல இந்த நாற்காலியைத் துடைங்கய்யா."

"நாற்காலியையா?"

"காலையிலதான் வந்துச்சு. நான்தான் பதிவு போட்டேன். உறைகூடப் பிரிக்கல. இதுக்கு என்ன பழசு தெரியும்னு பாத்துடுவோம்."

"பையில கை வைக்காதே. சக்தி போயிடும்."

அதற்குள் அவள் வலது அறைப் பஞ்சை எடுத்து, நாற்காலி முதுகைத் துடைத்து, தண்ணீரில் போட்டுவிட்டாள். கன்னங்கரேல்.

"நம்மளவிட சீனியர் போல," என்றார் லேத் அண்ணன்.

அவள் இன்னொரு பஞ்சைப் பிய்த்துக் காட்டினாள். நடுவில் மைத்தூள்.

"சார், உங்களுக்கும் இதுல ஒண்ணு போட்டுப் பாக்கலாமா?"

மேனேஜருக்குத் திடீரென்று அவசர வேலை ஞாபகம் வந்தது. வைத்தியருக்கும் வந்தது. போகிற வேகத்தில் அவர் தன் பையையே மறந்துவிட்டார். அன்றைக்கு நடந்த ஒரே உண்மையான மறதி அதுதான்.

"யாரும் வேலையை விட்டுப் போக வேண்டாம்," என்றார் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியம்மா. "ஆனா பழசை எப்படித்தான் விடறது?"

"எங்களைக் கேளுங்கம்மா. போற ஒவ்வொரு சரக்குக்கும் நான் ஒரு ஃபேக்ஸ் அனுப்பறேன். வாங்கற பக்கம் ஃபேக்ஸ் மெஷினைத் தூக்கிப் போட்டு ஒன்பது வருஷமாச்சு."

"அப்புறம் ஏன் அனுப்பறே?"

"நிறுத்துன்னு யாரும் சொல்லலம்மா."

இன்னொருவர் சொல்ல ஒன்பது வருடம் காத்திருந்திருக்கிறாள், நாற்காலியைச் சோதித்த கெட்டிக்காரி. பதிவேட்டைத் திறந்து ஃபேக்ஸ் என்ற வரியை அவளே அடித்தாள். யோசிக்க வைக்க எந்த வைத்தியரும் வரமாட்டார். அந்தக் கருமத்தை அவரவரேதான் செய்து தொலைக்க வேண்டும்.